ஃபெடரரா, நடாலா, ஜோகோவிச்சா? பெனட்டோ தோத்தத நேர்ல பாத்தவன் சொல்ற பதில்

பட்டர்வொர்த்லேர்ந்து வேலைக்கு கேஎல், அதான் கோலாலம்பூர், வந்து ஆறு மாசம் ஆன ஒரு தம்பி, போன வாரம் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்ட குடுத்துட்டு நின்னுக்கிட்டே கேட்டாரு: "அண்ணே, ரூம்ல நாலு பேரு இருக்கோம், நாலு பேருக்கும் நாலு கருத்து, டெய்லி சண்ட. டென்னிஸ்ல ஃபெடரர், நடால், ஜோகோவிச், இதுல யாருதான் பெஸ்ட்டு? நீங்க ஃபெடரர் ஆளுன்னு தெரியும், அத ஒதுக்கி வச்சிட்டு சொல்லுங்க. இப்ப வந்த சின்னப் பசங்க அல்கராஸும் சின்னரும் இவங்கள தாண்டிருவாங்களா? அப்பறம் எதுக்கெடுத்தாலும் பெனட்டோ பெனட்டோங்கிறீங்களே, யாருண்ணே அது?"

அன்னிக்கு மழ வந்துடுச்சு, அவரு மோட்டோர எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு. அதனால எழுதுறேன், நாலு பேரும் படிச்சிக்கோங்க.

பதில மொதல்லயே போட்டுடறேன், ஜோகோவிச். 24 கிராண்ட்ஸ்லாம் (வருசத்துக்கு நாலே நாலு நடக்கற பெரிய போட்டி), நம்பர் ஒன் எடத்துல 428 வாரம், 2024ல பாரிஸ்ல ஒலிம்பிக் தங்கம். ஆனா இந்த நம்பர வச்சு நான் சொல்லல, நம்பர் போன்ல தட்டினா வருது அதுக்கு நான் எதுக்கு. ஃபெடரர் ஆளா இருந்துக்கிட்டு இந்தப் பேர என் வாயால சொல்ல எனக்கு எட்டு வருசம் போல ஆச்சு, அது எப்படி ஆச்சுன்னு சொல்லணும்னா பெனட்டோகிட்டேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

அதுக்கு முன்னாடி என்னப் பத்தி கொஞ்சம். செந்தூல்ல இருக்கேன், பகல்ல ஆபீஸ் வேல, சாயங்காலம் வீட்டு முன்னாடி ஒரு ஸ்ட்ரிங் மெஷின் போட்டு ராக்கெட் கட்டிக் குடுக்கறேன். பத்து ராக்கெட் வந்தா ஒம்போது பேட்மிண்டன். இந்த ஊர்ல டென்னிஸ்னாலே "ஓ, பணக்காரன் வெளையாட்டு"ம்பாங்க. எங்க வீட்ல அப்படி இல்ல, ஏன்னா எங்க அப்பா தோட்டத்துல பொறந்தவரு, சின்ன வயசுல துரைங்க கிளப்புல பந்து பொறுக்கிப் போட்டு சில்லறை வாங்கினவரு. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ரெண்டு வருசமும் விம்பிள்டன் செமி வரைக்கும் போனத என்னமோ சொந்த மச்சான் போன மாதிரி சொல்லுவாரு. 1960ல நீல் ஃபிரேசர்கிட்ட தோத்தாரு, 1961ல ராட் லேவர்கிட்ட தோத்தாரு, அந்தந்த வருசம் கப்பு தூக்கினதும் அவங்கதான். "தோத்தாலும் ஜெயிக்கப் போறவன்கிட்டதான்டா தோத்தான்"னு அப்பா சொல்றப்ப மூஞ்சில ஒரு பெருமை வரும் பாருங்க. தோத்தவனப் பத்தி பேசறது எங்க குடும்ப வியாதி, மன்னிச்சிக்கோங்க.

சரி, ஜூலியன் பெனட்டோ. பிரெஞ்சுக்காரரு. 2009லேர்ந்து 2015 வரைக்கும் கேஎல்ல மலேசியன் ஓப்பன்னு ஒரு ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் சங்கம்) போட்டி வருசா வருசம் நடந்துச்சு, செப்டம்பர் கடைசி வாக்குல, புக்கிட் ஜாலில் புத்ரா ஸ்டேடியத்துல, இப்ப அக்சியாதா அரேனான்னு பேரு மாத்திட்டாங்க, நீங்க பேட்மிண்டன் பாக்கப் போவீங்களே அதே எடம்தான். ஆண்கள் டென்னிஸ்ல பெரிய ஆளுங்கள நாம எல்ஆர்டி ரயிலு புடிச்சுப் போயி பாத்த காலம் அது. டாவிடென்கோ, யூஸ்னி, டிப்சாரெவிச், மோனாக்கோ, சோசா, நிஷிகோரி, ஃபெரர், இந்த வரிசையில ஏழு பேரு ஜெயிச்சாங்க. இதுல 2012, 2013, 2014 மூணு வருசமும் ஃபைனல்ல தோத்தவரு ஒரே ஆளு, பெனட்டோ. மூணும் இதே ஊர்ல, இதே கோர்ட்டுல.

2013 ஃபைனல் நான் நேர்ல பாத்தது. எதிர்ல ஜோவாவ் சோசா, போர்ச்சுக்கல்காரரு, அதுக்கு முன்னாடி ஒரு போர்ச்சுக்கல்காரனும் ஏடிபி சிங்கிள்ஸ் கப்பு ஜெயிச்சதே இல்ல. ஏர்கான் குளுரு தாங்காம நான் ஜாக்கெட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். மொத செட்டு பெனட்டோ 6-2ன்னு சாதாரணமா எடுத்துட்டாரு, பாக்கறதுக்கே சொகமா இருந்துச்சு, பந்த ரொம்ப சீக்கிரமா எடுப்பாரு, டபுள்ஸ் ஆடற ஆளு இல்லியா, நெட்டுக்கு வந்தா கை பஞ்சு மாதிரி. ரெண்டாவது செட்ல அவருக்கு மேட்ச் பாயிண்ட் வந்துச்சு. ஒரு பாயிண்ட், அது மட்டும் எடுத்திருந்தா வாழ்நாள்ல மொத சிங்கிள்ஸ் கப்பு. ஸ்டேடியமே அவரு பக்கம், போன வருசமும் இங்கதான தோத்தாரு பாவம்னு எல்லாருக்கும் தெரியும். அந்த பாயிண்ட் போச்சு. அப்பறம் செட்டு 7-5, மூணாவது 6-4, முடிஞ்சிச்சு. எனக்குப் பின்னாடி உக்காந்திருந்த மலாய்க்கார பெரியவர் ஒருத்தர் சத்தமே இல்லாம "காசியான்"ன்னாரு, பாவம்னு அர்த்தம். நானும் அதேதான் நெனச்சேன், ஆனா வாய் வரல.

அடுத்த வருசம் நிஷிகோரி வந்தாரு, யூஎஸ் ஓப்பன் செமில ஜோகோவிச்ச சாய்ச்சு ஃபைனல் ஆடிட்டு நேரா வந்த சூடு, பெனட்டோவுக்கு அதுல பெருசா வழி இல்ல. மொத்தத்துல பத்து ஏடிபி சிங்கிள்ஸ் ஃபைனல் ஆடி பத்துலயும் தோத்துட்டு 2018ல ரிட்டயர் ஆயிட்டாரு.

இப்ப நீங்க என்ன நெனப்பீங்க, சரி இவரு சுமாரான ஆளு போலன்னு. அங்கதான் விசயமே இருக்கு. இந்த ஆளு 2009ல பாரிஸ்ல ஃபெடரரயே தோக்கடிச்சவரு, ஃபெடரர் நம்பர் ஒன்னா இருந்தப்ப. 2012 விம்பிள்டன்ல மூணாவது ரவுண்டுல ஃபெடரருக்கு எதிரா ரெண்டு செட்டு முன்னால இருந்தாரு, நாலாவது செட்டு டைபிரேக்ல (கேம் சமமா நின்னா செட்ட முடிக்க ஆடறது) இன்னும் ரெண்டு பாயிண்ட் எடுத்தா ஃபெடரர் வீட்டுக்கு. எடுக்கல. ஃபெடரர் அந்த மேட்ச ஜெயிச்சு, அப்பறம் அந்த கப்பையும் தூக்கிட்டு, நம்பர் ஒன்னுக்கும் போயிட்டாரு. பெனட்டோ மூணு மாசம் கழிச்சு புக்கிட் ஜாலிலுக்கு வந்து மோனாக்கோகிட்ட ஃபைனல் தோத்தாரு. ஒருத்தருக்கு 20 கிராண்ட்ஸ்லாம், ஒருத்தருக்கு பத்து ஃபைனல்ல சுழி. நடுவுல உள்ள தூரத்த அளந்து பாத்தா ஒரு சாண் வராது.

2024ல ஃபெடரர் அமெரிக்காவுல ஒரு காலேஜ் பட்டமளிப்பு விழாவுல பேசினப்ப ஒரு கணக்கு சொன்னாரு. 1,526 சிங்கிள்ஸ் மேட்ச் ஆடியிருக்காரு, அதுல ஏறக்குறைய 80 சதம் ஜெயம். ஆனா ஆடின மொத்த பாயிண்ட்ல ஜெயிச்சது 54 சதம் மட்டும். அதாவது நூறு பாயிண்ட்ல 46 தோக்கறவன்தான் ஃபெடரர். இதப் படிச்சப்ப எனக்கு புத்ரா ஸ்டேடியம்தான் ஞாபகம் வந்துச்சு. டென்னிஸ்ல எல்லா பாயிண்டும் ஒரே வெல கிடையாது. 40-0ல ஒரு பாயிண்ட் விட்டா ஒன்னும் ஆகாது, சர்வ் போடறவன் 30-40ல விட்டா அந்த கேமே போயிரும், அதோட செட்டும் போகலாம். அதனால யாரு பெஸ்ட்டுன்னு கேட்டா நான் இப்ப அந்த வெல ஒசந்த பாயிண்ட்ட யாரு எடுக்கறான்னு மட்டும்தான் பாக்கறேன். அழக வச்சுப் பாத்தா இந்தப் பதிலே வேற.

அழகுன்னா ஃபெடரர்தான், அதுல நான் ஒரு இஞ்ச்சு எறங்க மாட்டேன். கால் தரையில படற சத்தமே கேக்காது. ஃபோர்ஹேண்ட் அடிச்சு முடிச்சப்பறமும் தலை பந்து பட்ட எடத்துலயே நிக்கும், எங்க போச்சுன்னு பாக்கவே மாட்டாரு, அது ஒன்ன மட்டும் காப்பி அடிக்கலாம்னு பதினஞ்சு வருசமா முயற்சி பண்றேன், நான் பந்த பாக்காம விட்டா பந்து பக்கத்து கோர்ட்டுல போயி விழுது. 2007 நவம்பர்ல அவரு சாம்பிராஸோட காட்சிப் போட்டி ஆட கேஎல்லுக்கே வந்தாரு, சாம்பிராஸ் அப்ப ரிட்டயர் ஆகி அஞ்சு வருசம், அப்படியும் ரெண்டு செட்டும் 7-6, 7-6ன்னு டைபிரேக் வரைக்கும் இழுத்தாரு. அப்ப எனக்கு சம்பளம் கம்மி, டிக்கெட்டுக்கு அவ்ளோ வெள்ளியான்னு போகாம விட்டுட்டேன். இன்னிக்கும் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன், கல்யாணத்துக்கு மோதிரம் வாங்காம அந்த டிக்கெட்ட வாங்கியிருக்கணும்னு, அவளும் பதிலுக்கு சொல்றத இங்க எழுத முடியாது.

ஆனா அந்த வெல ஒசந்த பாயிண்ட்ல ஃபெடரர்கிட்ட ஒரு ஓட்டை உண்டு, அத நாங்க ஃபெடரர் ஆளுங்க மூடி மூடி வச்சிருக்கோம். 2007 பிரெஞ்சு ஓப்பன் ஃபைனல்ல நடாலுக்கு எதிரா 17 பிரேக் பாயிண்ட், அதாவது எதிராளி சர்வ் போடற கேம பறிக்கற வாய்ப்பு, கெடச்சுச்சு, எடுத்தது ஒன்னு. பதினேழுக்கு ஒன்னு தம்பி! 2011 யூஎஸ் ஓப்பன் செமி, ஜோகோவிச்சுக்கு எதிரா ரெண்டு செட்டு முன்னால இருந்து அவன் சமன் பண்ணி, அஞ்சாவது செட்டு 5-3, சொந்த சர்வ், 40-15, ரெண்டு மேட்ச் பாயிண்ட். மொத மேட்ச் பாயிண்ட்ல ஜோகோவிச் கண்ண மூடிக்கிட்டு அடிச்ச மாதிரி ஒரு ஃபோர்ஹேண்ட் ரிட்டர்ன் அடிச்சான், குறுக்க போச்சு, ஃபெடரர் நகரக்கூட இல்ல. அடிச்சிட்டு அவன் ரெண்டு கையையும் தூக்கி கூட்டத்தப் பாத்து, கை தட்டுங்கய்யாங்கிற மாதிரி நின்னான். நான் அன்னிக்கு டிவிய பாத்து திட்டின திட்டு கொஞ்ச நஞ்சம் இல்ல. அதிர்ஷ்டக்காரன், குருட்டு அடின்னு பல வருசம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்பறம் 2019 ஜூலை 14, விம்பிள்டன் ஃபைனல். நம்ம ஊருக்கு ராத்திரி ஒம்போது மணி ஆரம்பம். வீட்ல பாத்தா புள்ளைங்க எந்திரிச்சிரும்னு நானும் ரெண்டு கூட்டாளிங்களும் மாமாக் கடையில உக்காந்துட்டோம். மொதல்ல கடைக்காரத் தம்பி ஃபுட்பால் பழைய மேட்ச் ஒன்னு ஓட்டிக்கிட்டு இருந்தாரு, கெஞ்சி மாத்த வச்சோம். தே தாரிக் ஒன்னு, ரொட்டி சானாய் ஒன்னு, மறுபடி தே ஒன்னு, மேகி கோரிங் ஒன்னு, எதாவது வாங்கிக்கிட்டே இருந்தாதான மேசைய விட மாட்டாங்க. மணி ஒன்னரை தாண்டி, அஞ்சாவது செட்டு 8-7, ஃபெடரர் சர்வ். எதிராளி தொட முடியாத சர்வ், ஏஸ், அடுத்தும் ஏஸ், 40-15. ஃபெடரருக்கு வயசு அப்ப 37, இன்னும் ஒரு மாசம் போனா 38. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். என் கூட்டாளி ஒருத்தன், அவனும் ஃபெடரர் ஆளுதான், என் சட்டையப் புடிச்சு இழுத்து "உக்காருடா, 40-15டா"ன்னான். அந்த ஸ்கோர் எங்களுக்கு அப்படி ஒரு பயம்.

மொத பாயிண்ட், ஃபோர்ஹேண்ட் வெளிய. ரெண்டாவது பாயிண்ட், ஃபெடரர் நெட்டுக்கு ஓடி வர்றாரு, ஜோகோவிச் குறுக்க ஒரு ஃபோர்ஹேண்ட், கைக்கு எட்டாம தாண்டிப் போச்சு. அப்பறம் 12-12 போயி டைபிரேக், அதுவும் அவனுக்கே. 4 மணி 57 நிமிசம். தட்டெல்லாம் தம்பி வந்து எடுத்துக்கிட்டுப் போறாரு, நாங்க மூணு பேரும் பேசல. காசு குடுத்துட்டு காடியில ஏறி உக்காந்து ரொம்ப நேரம் சாவியே போடல.

ரெண்டு நாள் கழிச்சு மனசு ஆறினப்பறம் ஸ்கோர் விவரத்த எடுத்துப் பாத்தேன். மொத்தமா ஃபெடரர் எடுத்த பாயிண்ட் 218, ஜோகோவிச் 204. பதினாலு பாயிண்ட் கூட எடுத்தவன் தோத்திருக்கான். மூணு டைபிரேக், மூணும் ஜோகோவிச். 2011 அதிர்ஷ்டம்னா 2019ம் அதிர்ஷ்டமா? எட்டு வருசம் எடவெளி விட்டு, அதே 40-15ல, அதே ஆளுகிட்ட, ரெண்டு தடவையும் மேட்ச் பாயிண்ட்ல ஃபோர்ஹேண்ட குறுக்க அடிச்சு தப்பிச்சவன அதிர்ஷ்டக்காரன்னு சொன்னா அப்பறம் அதிர்ஷ்டங்கிற வார்த்தைக்கே அர்த்தம் இல்ல. அன்னிக்குதான் வாய மூடிக்கிட்டேன். பெனட்டோவுக்கு 2013ல இல்லாம போன அந்த ஒரு சாண், ஃபெடரருக்கு முக்காவாசி நேரம் இருந்துச்சு, ஜோகோவிச்சுக்கு எப்பவும் இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அவ்ளோதான்.

ஜோகோவிச் ஆட்டத்துல என்ன இருக்குன்னு கேட்டா, மொதல்ல ரிட்டர்ன். எதிராளி 200 கிலோமீட்டர் வேகத்துல போடற சர்வ திருப்பி அவன் கால்மாட்டுலயே கொண்டு போயி வைப்பான், இவனுக்கு சர்வ் போடறவன் ஒவ்வொருத்தனும் லைனுக்கு ஒட்டி ஒட்டி போடப் பாத்து ரெண்டு சர்வயும் வெளிய விட்டு டபுள் ஃபால்ட் பண்ணுவான். அப்பறம் அந்த ஒடம்பு, கால ரெண்டு பக்கமும் வழுக்கி விரிச்சு நின்னு பேக்ஹேண்ட் அடிக்கறது, ரப்பர் மாதிரி. மொதல்ல அப்படி இல்ல, ஆரம்ப காலத்துல பாதி மேட்ச்ல மூச்சு வாங்கி உக்காந்துருவான், பாக்கறவனுக்கு நடிக்கறானோன்னு தோணும், அப்பறம் கோதுமைய நிறுத்தி சாப்பாட்ட மாத்தினப்பறம் 2011லேர்ந்து வேற ஆளு. 2012 ஆஸ்திரேலியன் ஓப்பன் ஃபைனல் நடாலோட 5 மணி 53 நிமிசம் ஆடி ஜெயிச்சு சட்டையக் கிழிச்சுக்கிட்டு கத்தினான் பாருங்க, பரிசு குடுக்கறப்ப ரெண்டு பேருக்கும் நிக்க முடியாம நாற்காலி கொண்டாந்து போட்டாங்க. 36 வயசு ஆன 2023ல ஒரே வருசத்துல மூணு ஸ்லாம். பாரிஸ் ஒலிம்பிக் ஃபைனல் அல்கராஸோட, ரெண்டு பேரும் ஒரு சர்வகூட பிரேக் பண்ணல, 7-6, 7-6, ரெண்டு டைபிரேக்கும் பெரிசுக்குத்தான்.

புடிக்குமான்னு கேட்டா அது வேற. 2020 யூஎஸ் ஓப்பன்ல கோவத்துல அடிச்ச பந்து லைன் அம்பயரம்மா தொண்டையில பட்டு வெளிய அனுப்பிட்டாங்க, 2022ல தடுப்பூசி போடாம மெல்போர்ன் போயி விசா ரத்தாகி நாடு கடத்தினாங்க, ரெண்டுலயும் எனக்கு அவன் மேல பரிதாபம் வரல. கூட்டம் தன்ன ஏன் ஃபெடரர நேசிக்கற மாதிரி நேசிக்கலன்னு ஒரு ஏக்கம் மூஞ்சிலயே தெரியும், ஜெயிச்சிட்டு நெஞ்சத் தொட்டு அதையே எடுத்து நாலு பக்கமும் கூட்டத்துக்கு வீசற மாதிரி பண்ணுவானே அது எனக்கு என்னமோ ஒட்டவே இல்ல. பெல்கிரேட்ல குண்டு விழுந்த 1999ல பன்னெண்டு வயசு பையன், ராத்திரி பதுங்கு கிடங்கு, பகல்ல பிராக்டிஸ், அப்படி வளந்தவனுக்கு கெஞ்சவும் தெரியாது கொஞ்சவும் தெரியாதுன்னு எங்க அப்பா சொல்வாரு. அப்பா ஜோகோவிச் ஆளு. வீட்ல ஒரே தகராறு.

நடால எங்க வச்சிக்கறதுன்னு கேப்பீங்க. களிமண்ணுல அவருக்குப் பக்கத்துல யாரையும் வைக்கவே கூடாது. பிரெஞ்சு ஓப்பன் 14, அங்க ஆடின மேட்ச்ல 112 ஜெயம், 4 தோல்வி, அந்த நாலையும் விரல் விட்டு எண்ணிடலாம், 2009ல சோடர்லிங், 2015லயும் 2021லயும் ஜோகோவிச், 2024ல ஸ்வெரெவ். எழுதறது வலது கை, ஆடறது எடது கை. அந்த எடது கை ஃபோர்ஹேண்டுல வர்ற டாப்ஸ்பின், ஃபெடரரோட ஒத்தக்கை பேக்ஹேண்டுக்கு தோள் ஒசரத்துக்கு எழும்பும், அங்க ஒத்தக்கைக்காரனுக்கு பலமே இருக்காது, வருசக்கணக்கா அதே எடத்துல குத்திக் குத்தி எங்கள அழ வச்சாரு.

இங்க ஸ்ட்ரிங்காரன் பேச்சு கொஞ்சம், பொறுத்துக்கோங்க. நடால் போட்டது ஆர்பிஎம் பிளாஸ்ட்டுங்கிற பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கு, 55 பவுண்டு இறுக்கம். என்கிட்ட வர்ற பாதி பசங்க "அண்ணே நடால் மாதிரி கட்டுங்க"ம்பாங்க, கட்டிக் குடுத்தா மூணு வாரத்துல முழங்கை வீங்கி வருவாங்க, அவரு கை வேற நம்ம கை வேறன்னு சொன்னா யாரு கேக்கறா. ஃபெடரர் நெடுக்க போட்டது நேச்சுரல் கட், மாட்டுக் குடல்லேர்ந்து செய்யறது, குறுக்க மட்டும் பாலியஸ்டர். ஒருத்தர் ஆசையா அதையே கட்டச் சொன்னாரு, எதுல செய்யறதுன்னு சொன்னதும் "மாட்டுக் குடலா? சாமி படம் வச்ச ரூம்லதான் பேக்கு வைக்கறேன், வேணாம்ணே"ன்னுட்டாரு. நல்லதுதான், நம்ம ஊரு ஈரக் காத்துல அது சீக்கிரம் நாறு நாறாப் போயிடும், வெலையும் பேய் வெல. ஃபெடரர் 90 சதுர இஞ்ச்சு தலை ராக்கெட்ட விட்டுட்டு 2014ல 97க்கு மாறினாரு பாருங்க, அதுதான் பின்னாடி நடால்கிட்டேர்ந்து அவர காப்பாத்துச்சு. 2017 ஆஸ்திரேலியன் ஓப்பன் ஃபைனல், சீனப் பெருநாள் ரெண்டாம் நாள், தெருவெல்லாம் பட்டாசு, அஞ்சாவது செட்ல 1-3 பின்னால, அங்கேர்ந்து வரிசையா அஞ்சு கேம் எடுத்தாரு, பேக்ஹேண்ட பின்னால போயி காத்திருக்காம பந்து எழும்பறப்பவே அடிச்சு. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி குடுத்த ஆரஞ்சுப் பழத்த உரிக்காம கையிலயே வச்சிக்கிட்டு பாத்தேன்.

நடால்கிட்ட எனக்கு ரொம்ப புடிச்சது வேற ஒன்னு. 2008 ஜனவரில சென்னை ஓப்பன், செமில சொந்த ஊர்க்காரரு மோயாவோட நாலு மணி நேரம் கிட்ட ஆடி ஜெயிச்சு, மறுநாள் ஃபைனல்ல ஒடம்புல ஒன்னுமே இல்லாம யூஸ்னிகிட்ட 6-0, 6-1. அதே யூஸ்னிதான் 2010ல நம்ம கேஎல் கப்பும் எடுத்தாரு. காலே முடியாத ஆளு அன்னிக்கு வெலகி இருக்கலாம், நின்னு ஆடி அடி வாங்கிட்டுப் போனாரு. அந்த வருசமே விம்பிள்டன்ல ஃபெடரர 9-7ன்னு சாய்ச்சாரு, மழை நின்னு நின்னு பெஞ்சு நம்ம ஊருல விடியக்காலை நாலு மணி தாண்டிருச்சு, அதப் பத்தி எழுத எனக்கு இன்னும் தெம்பு இல்ல.

மத்தவங்கள வேகமா சொல்லிடறேன். மரே, மூணு ஸ்லாம், ரெண்டு ஒலிம்பிக் தங்கம், இடுப்புல உலோகம் வச்சிக்கிட்டு 2023ல மெல்போர்ன்ல கொக்கினாக்கிஸோட விடியக்காலை நாலு மணி வரைக்கும் ஆடினவரு, இவரு பத்து வருசம் முன்னப்பின்ன பொறந்திருந்தா கதையே வேற. வாவ்ரிங்காவும் மூணு ஸ்லாம், சென்னை ஓப்பன் மட்டும் நாலு தடவ, அந்த ஒத்தக்கை பேக்ஹேண்டு ஃபெடரரோடதவிட பலம்னு சொன்னா என் ஆளுங்களே என்ன அடிப்பாங்க, ஆனா உண்ம. டெல் போட்ரோ மணிக்கட்டு ஒழுங்கா இருந்திருந்தா... விடுங்க, வயித்தெரிச்சல். ஃபெரர 2015ல புக்கிட் ஜாலில்ல பாத்தேன், அஞ்சு அடி ஒம்போது இஞ்ச்சு, ஷூ கீச்சு கீச்சுன்னு நிக்காம சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு, ஒரு ஸ்லாம்கூட கெடையாது, கப்பு மட்டும் 27.

தோத்தவங்கள இவ்ளோ பேசறேன்னு உங்களுக்கு ஆச்சரியமா இருக்கலாம், ஆனா பேட்மிண்டன்ல நம்ம லீ சோங் வெய்ய பாத்து வளந்த நாடு லா இது. 2012 லண்டன் ஒலிம்பிக் ஃபைனல், எதிர்ல சீனாவோட லின் டான், மூணாவது செட்டு 19-21. ரெண்டு பாயிண்ட். அன்னிக்கு மலேசியாவே சோறு சாப்புடல. அதப் பாத்தவனுக்கு பெனட்டோவ நான் சொல்லிப் புரிய வைக்கணுமா என்ன.

அல்கராஸ், சின்னர் கேள்விக்கு வர்றேன். 2025 பிரெஞ்சு ஓப்பன் ஃபைனல் பாத்திருப்பீங்க, 5 மணி 29 நிமிசம், அந்தப் போட்டி வரலாற்றுலயே நீளமான ஃபைனல், நமக்கு ராத்திரி ரெண்டரைக்கு மேல. சின்னர் ரெண்டு செட்டு எடுத்து, நாலாவதுல 5-3, அல்கராஸ் சர்வ்ல 0-40. மூணு மேட்ச் பாயிண்ட். மூணும் போச்சு. மொத்த பாயிண்ட் எண்ணினா சின்னர் 193, அல்கராஸ் 192. கூட ஒன்னு எடுத்தவன் கப்பு இல்லாம போனான். நான் அன்னிக்கு படுத்தும் தூங்கல, இந்தப் பையன் ஒடஞ்சிருவான்னு நெனச்சேன், பெனட்டோ மாதிரி அந்த மூணு பாயிண்ட் ஒவ்வொரு ஃபைனல்லயும் கூடவே வரும்னு நெனச்சேன். அஞ்சே வாரத்துல விம்பிள்டன் ஃபைனல்ல அதே அல்கராஸ நாலு செட்ல முடிச்சிட்டான். கண்ணுல சந்தோசமும் இல்ல, பழி வாங்கின வெறியும் இல்ல, சின்ன வயசுல பனிச்சறுக்கு ஆடி ஜெயிச்ச பையன், விழறதும் எந்திரிக்கறதும் பழகினதுதான் போல. எனக்கு அவன் மேல அன்னிக்குதான் மரியாதை வந்துச்சு. அல்கராஸ்தான் பாக்க சொகம், அந்த டிராப் ஷாட்டு, நெட்டுல குதிக்கறது, சிரிச்சிக்கிட்டே ஆடறது, ஃபெடரர் போனப்பறம் நான் வாய் தொறந்து "அடேங்கப்பா"ன்னது இவனுக்குத்தான். ஆனா நடுவுல ஒரு செட்டு காணாமப் போயிருவான், எங்க போனான்னு தேடணும்.

தாண்டுவாங்களான்னா, கணக்கு ஒன்னு சொல்றேன். 2025 முடியறப்ப அல்கராஸுக்கு 22 வயசு, ஆறு ஸ்லாம். நடால் 22 வயசு முடிச்சப்ப அவருக்கும் ஆறு. ஃபெடரருக்கு அந்த வயசுல மூணு. ஜோகோவிச்சுக்கு ஒன்னே ஒன்னு. மிச்சம் 23ம் அதுக்கப்பறம் வந்தது. இப்ப உங்க ரூம்ல சண்ட போடற அந்த அல்கராஸ் ஆளுகிட்ட இத சொல்லுங்க, ரெண்டு நாளைக்கு அமைதியா இருப்பாரு.

உங்க ராக்கெட் ரெடி. 55 பவுண்டு கேட்டீங்க, 50லதான் கட்டியிருக்கேன், கேக்காம மாத்தினதுக்கு திட்டாதீங்க. ஏழு மணிக்கு மேல வாங்க, மழ இல்லன்னா கீழ கோர்ட்டுல ஒரு செட்டு ஆடிப் பாக்கலாம், நான் 40-15ல எப்படி சொதப்புவேன்னு நீங்களே பாருங்க.